எண்ணெய் ஊறும் எஞ்சின்!

உலகத்தில் எந்தக் காருக்கும் கிடைக்காத ஒரு வரம் என் காருக்குக் கிடைத்துவிட்டதாக, 2025 ஆவணி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்பினேன். எஞ்சினில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது!

கேலி இல்லை ஸார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஆயில் மாற்றி, டிப்-ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சரியாக நிறுத்தியிருந்தேன். இப்போது உருவிப் பார்த்தால் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. ஐம்பத்தாறு வயசு எஞ்சின். எண்ணெயைக் குடிக்கும், கொஞ்சம் தரையில் துப்பும். அதுதான் நியாயம். ஊற்றியதற்கு மேல் திருப்பிக் கொடுக்கிறது என்றால்?

"ஏய், நம்ம வண்டி அட்சய பாத்திரம் ஆயிடுச்சு! ஆயில் தானா ஊறுது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"அப்ப வடை சுட ஒரு லிட்டர் எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி, கோலப்பொடி டப்பாவிலிருந்து நிமிராமல்.

வண்டி, பெரியப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல், மார்க் த்ரீ, நாலு கதவு. பெரியப்பா வண்டியோடு கூட ஒரு நீல அட்டை நோட்டையும் விட்டுப் போயிருந்தார். போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும், ஓடிய கிலோமீட்டரும் அதில் மணி மணியான எழுத்தில் இருக்கும். அவர் வழக்கத்தை நானும் விடவில்லை. நோட்டைப் புரட்டினேன். வழக்கமாக லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். போன இரண்டு வாரமாக ஒன்பது.

வயிற்றில் லேசாகப் புளி கரைந்தது. டிப்-ஸ்டிக்கை மூக்கருகே கொண்டு போனேன்.

பெட்ரோல் வாசனை!

புதுப்பேட்டை பாய்க்கு போன் போட்டேன். எழுபது வயசைத் தாண்டியவர். சென்னையில் ஹெரால்டுகள் டாக்ஸிக்கு இணையாக ஓடிய காலத்தில் ஸ்பானர் பிடித்த கை. விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க ஸார். சாவியக் கழட்டி வூட்டம்மாகிட்ட குடுத்துடுங்க. ஏ.ஸி. பம்ப் டயாப்ரம் பூட்ச்சு."

"எப்ப வரீங்க பாய்?"

"வாணியம்பாடில இருக்கேன். வர்ற ஞாயித்துக்கெழமதான் வருவேன்."

அங்கேதான் சிக்கல். அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. குரோம்பேட்டை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, நாதஸ்வரம் முன்னே போக, மாப்பிள்ளை ஊர்வலமாக வரப்போவது இந்தக் காரில்தான். தாய்மாமன் என்ற முறையில் நான் செய்யும் சீர்களில் இது ஒன்று. பத்திரிகையில் போடாததுதான் பாக்கி. ஊர் பூரா சொல்லியாகிவிட்டது.

பாய் சொன்ன 'ஏ.ஸி. பம்ப்' என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஏர்கண்டிஷனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் ஏ.ஸி. பழைய மெக்கானிக்குகளுக்கு, எஞ்சின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்ப் என்றாலே ஏ.ஸி. பம்ப்தான்.

ஹெரால்டில் பெட்ரோல் டாங்க் பின்னால் டிக்கியில் இருக்கிறது. கார்புரேட்டர் முன்னால் எஞ்சின் மேல். பின்னாலிருந்து முன்னால் பெட்ரோலை இழுத்து வருவது இந்தப் பம்ப். உள்ளங்கையில் அடங்கும் சாமான். தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அழுக்கும் தண்ணீரும் தங்குவதற்கு. நடு வயிற்றில், ரப்பர் பூசிய துணியில் வட்டமாக ஒரு சவ்வு. அதுதான் டயாப்ரம். எஞ்சினுக்குள் காம்ஷாஃப்ட் சுற்றும்போது அதிலுள்ள ஒரு மேடு பம்பின் கையைத் தள்ளும். கை டயாப்ரத்தைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். பிறகு அடியிலிருக்கும் ஸ்பிரிங் டயாப்ரத்தை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். வந்த வழியே திரும்பாமலிருக்க இரண்டு சின்ன வால்வுகள். நம் தெருமுனை அடிபம்பு மாதிரிதான். ஆனால் அடிக்கிற வேகம் வேறு. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் காம்ஷாஃப்ட் அதில் பாதி. ஆக, பம்பின் கை நிமிஷத்துக்கு 1,000 தடவை ஆடுகிறது!

விஷயம் இதுதான்: டயாப்ரத்துக்கு மேலே பெட்ரோல், கீழே எஞ்சின் ஆயில் இருக்கிற உலகம். இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே இந்த ஒரு மெல்லிய சுவர். சுவரில் மயிரிழை விரிசல் விட்டால், பெட்ரோல் பம்பின் அடிவயிறு வழியாக எஞ்சினுக்குள் சொட்டும். அடியில் சம்பில் இருக்கிற கிட்டத்தட்ட நாலு லிட்டர் ஆயிலோடு கலக்கும். அதுதான் என் அட்சய பாத்திரம்.

ஆயில் அதிகமானால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. நெய்யில் மோர் கலந்த கதை. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளில் நிற்காமல் வழிந்துவிடும். இரும்பும் இரும்பும் முகத்தோடு முகம் உரசும். அப்புறம் எஞ்சின் 'கடகட'வென்று சத்தம் போட்டால், அது பல ஆயிரம் ரூபாய் சத்தம். இது போதாதென்று எஞ்சினின் வயிற்றுக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்து கிடக்கும். விரிசல் வேறு பக்கமாக இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியை விடுகிற சாமான். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்த் தொலையாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து நெருப்பைத் தேடிக்கொண்டு போகும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு மாமா பத்தாயிரம் வாலா பட்டாசு சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு கேட்டு மெஸேஜ் அனுப்பினேன். அவசரத்தில், 'டயாப்ரம் கிழிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் லீவு தேவைப்படும்' என்று அனுப்பிவிட்டேன். மானேஜர் உடனே போன் செய்தார். குரல் தழுதழுத்தது. "என்னப்பா சொல்றே? எந்த ஆஸ்பத்திரி? ஆபீஸைப் பத்திக் கவலைப்படாதே. வெயிட் எதையும் தூக்காதே!" மனித உடம்பிலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு டயாப்ரம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கம் சொல்லப் போனால் லீவு போய்விடும். "சரி ஸார்" என்று முனகி வைத்தேன்.

இதற்கு முன்னாலேயே, ஞாயிறு ராத்திரி, இங்கிலாந்துக்கு ஒரு டயாப்ரம் செட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தேன். அங்கே ஹெரால்டு பிரியர்களுக்காக இந்தப் பாகங்களை இன்னும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். சாமான் விலையைவிடக் கூரியர் சார்ஜ் அதிகம். மனைவியிடம் அந்தத் தொகையைச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் அது எப்போது வருமோ? ஜி.பி. ரோடுக்குக் கிளம்பினேன்.

அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது என்பார்கள். நாலு கடையில், "ஹெரால்டா? அது செல்போன் மாடலா ஸார்?" என்கிற மாதிரிப் பார்த்தார்கள். ஊருக்கே மறந்து போய்விட்டது. பிரிட்டனில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்து, 1961-லிருந்து நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரான கார் ஸார் அது! வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 ஸி.ஸி. எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாம்பலம் சந்துகளுக்கென்றே செய்தது போல. வெள்ளைக்காரன் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் குடும்பம் எத்தனை பெரிசு என்று தெரிந்து நாலு கதவு வைத்தவர்கள் சென்னைக்காரர்கள். அப்புறம் அதையே கொஞ்சம் மாற்றி 1972-லிருந்து 1977 வரை கெஸல் என்று விற்றார்கள். அத்தோடு சரி.

ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர், ஏணி வைத்து ஏறி, பரண் மேலிருந்து ஒரு மஞ்சள் அட்டைப் பெட்டியை ஊதிக்கொண்டே இறங்கினார். "ஒரிஜினல் ஸ்டாக். பிரிக்கவே இல்லை. இப்ப இந்த மாதிரி வராது!" நானூற்று ஐம்பது ரூபாய். இங்கிலாந்துக்குக் காசைக் கொட்டினோமே என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வாசலில், வெட்ட வெளியில் ஆபரேஷன்.

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினேன். அடுக்களை ஜன்னலைச் சாத்தி அடுப்பை அணைக்கச் சொன்னேன். ("அப்ப மத்தியானம் சாப்பாடு?" "பழைய சோறு.") வாளியில் மணல். ஹெரால்டில் ஒரு சௌகரியம். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடி. இரண்டு பக்கமும் கிளிப்பை விடுவித்துத் தூக்கினால் முழுசாக முன்னே சாயும். முன் டயர் மேல் திண்ணையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்து வேலை செய்யலாம்.

பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றியதும் பெட்ரோல் டாங்கிலிருந்து தானாக ஓடி வர ஆரம்பித்தது. என் மகனின் பென்சிலைப் பிடுங்கிச் சொருகி அடைத்தேன். பம்பைக் கழற்றி, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு இழுத்தேன். திரும்பச் சேர்க்கும்போது கோடும் கோடும் சேரவேண்டும். இல்லாவிட்டால் பைப் மாட்டுகிற வாய்கள் கிழக்கும் மேற்குமாகப் போய்விடும். சுற்றிலும் இருந்த ஸ்குருக்களைக் கழற்றி மேல் பாதியைத் தூக்கினேன்.

பழைய டயாப்ரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. நடுத் தகட்டின் விளிம்பை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு கிழிசல்.

அதை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் அடியிலிருக்கும் கொக்கியிலிருந்து விடுபட்டு வந்துவிடும். புதுசை அதே மாதிரி அழுத்தி, எதிர்ப்பக்கம் கால் சுற்று. மூடி, ஸ்குருக்களை நன்றாக, என் பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினேன். சம்பிலிருந்த பெட்ரோல் ரசத்தை வடித்துவிட்டுப் புது ஆயில். பம்பில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அடித்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது பாருங்கள், பிள்ளையார் பால் குடித்த மாதிரி எனக்கு மெய்சிலிர்த்தது.

வண்டி ஸ்டார்ட் ஆனது. மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, போன் செய்தேன். "மாமா, வண்டி ரெடி. நானே பண்ணினேன்!"

"நீயா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முப்பது வருஷத்து அபிப்பிராயம் இருந்தது.

சனிக்கிழமை காலை வண்டி ஓரமாக நின்றபோது மறுபடி அந்த வாசனை. அடியில் பேப்பர் விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெட்ரோல் சொட்டு ஆயில் மாதிரி இல்லை. விழுந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும், கையுறை போட்டுத் திருடுகிறவன் மாதிரி. பாயைக் கேட்டேன். "கண்ண நம்பாதீங்க ஸார், மூக்க நம்புங்க. நல்லா தொவச்ச துணியப் பம்பு மேல சுத்தி, பத்து நிமிஷம் எஞ்சின ஓடவுட்டு, நிறுத்திட்டு, துணிய எடுத்து மோந்து பாருங்க" என்றார்.

செய்தேன். கைக்குட்டையில் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. இந்தத் தடவை இரண்டு பாதிகளும் சேரும் ஓரத்தில் ஒழுக்கு.

அன்று ராத்திரி மாமாவுக்கு மறுபடி போன் செய்ததுதான் இந்தக் கதையிலேயே கஷ்டமான வேலை.

"மாமா, வண்டி நிச்சயம் இல்லை. வேற கார் ஒண்ணு பேசி வச்சிடுங்க."

"என்ன மச்சான், ரெடின்னு சொன்னியே?"

"பெட்ரோல் ஒழுகுது."

"எவ்வளவு?"

"சொட்டுதான்..."

"ஒரு சொட்டா? அரைக் கிலோமீட்டர் ஊர்வலம், மச்சான். நடக்கிற வேகம்! ஒரு சொட்டுக்குப் பயந்து ஊர் முன்னால என் மானத்தை வாங்கப் போறியா? மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் பழைய காரு, பழைய காருன்னு ஆசையா இருக்காங்க."

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பத்து நிமிஷ ஊர்வலம். அதற்குள் என்ன ஆகிவிடும்? 'சரி மாமா' என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையிலேயே வாயெடுத்தேன். அப்போது பார்த்து எதிர்வீட்டுப் பையன் யாருக்கோ பிறந்த நாளென்று ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டான். ஒரு வெடி பறந்து வந்து எங்கள் வாசல் கோலத்தின் மேல் வெடித்தது.

"முடியாது மாமா" என்றேன்.

போனை வைத்துவிட்டார். அக்கா அழுததாக அம்மா மூலம் தகவல் வந்தது. தாய்மாமனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி மெழுகு மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாக அவரைப் பார்க்கிறேன், கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"இதே பம்புதான் ஸார். ஃபியட்டு. ஒழுகுதுன்னு தெரியும். ஓனர் அவசரம்னாரு. சாயங்காலமா பாத்துக்கலாம்னு ஸ்டார்ட் பண்ணேன்." அவ்வளவுதான் சொன்னார்.

பம்பைப் பிரித்து என் கைவேலையைப் பார்த்தார். "ஸ்குருவ இறுக்கும்போது லீவர அழுத்திப் பிடிச்சீங்களா?"

"எந்த லீவர்?"

பாய் வானத்தைப் பார்த்தார்.

ஸார், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மூடியைப் போட்டு ஸ்குருக்களை முதலில் லேசாக மட்டும் மாட்டவேண்டும். பிறகு பம்பின் கையை முழுசாக அழுத்தி, டயாப்ரம் கடைசி வரை கீழே இறங்கிய நிலையில் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் இறுக்கவேண்டும். அதுவும் வட்டமாக ஒவ்வொன்றாக இல்லை. எதிரெதிர் ஸ்குருவாக, கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதுதான் டயாப்ரம் மேலும் கீழும் போக உள்ளே தொளதொளப்பு இருக்கும். நான் செய்த மாதிரி சும்மா வைத்து இறுக்கினால் தம்பட்டத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். நிமிஷத்துக்கு 1,000 தடவை அதைப் பிடித்து இழுத்தால்? ஸ்குரு ஓட்டைகள் இழுபட்டு, ஓரமாகப் பெட்ரோல் கசியும். என்னுடையதில் அதேதான் நடந்திருந்தது.

ஆனால் முழுப் பழியும் எனக்கு இல்லை. மஞ்சள் பெட்டியோடு வந்த இன்னொரு டயாப்ரத்தை ஓரமாக ஒரு துண்டு வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டார் பாய். வாசல் ஓரத்தில், வெயில் படாமல், இறுக மூடி வைத்தோம். மறுநாள் காலை பார்த்தால் துண்டு ஊறின அவல் மாதிரி உப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் ரப்பர் கறுப்பாக உரிந்தது.

பெட்டி பிரிக்காமல் இருந்தால் சாமான் புதுசு என்று அர்த்தமில்லை. ரப்பருக்குப் பரண் மேலேயும் வயசாகிறது. மேலும் அந்த ரப்பர் பிறந்தபோது இருந்த பெட்ரோல் வேறு. இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் ஊரெங்கும் வந்துவிட்டது. நூறு பங்கில் இருபது பங்கு வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பருக்கும் கார்க் கேஸ்கெட்டுக்கும் அது ஆகாது. எல்லாவற்றுக்கும் எத்தனால்தான் காரணம் என்று திட்டுகிறவர்கள் கட்சியிலும் நான் சேரவில்லை. பெரியப்பா நோட்டைப் பார்த்தேன். முதல் டயாப்ரம் மாற்றி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது! எந்தப் பெட்ரோலாக இருந்தால் என்ன, அது விடைபெறும் வயசுதான். ஆனால் புதுசாகப் போடுவது எத்தனாலைத் தாங்கும் ரப்பராக இருந்தே தீரவேண்டும். டயாப்ரம் மட்டும் இல்லை, பெட்ரோல் ஓடுகிற ரப்பர் குழாய்களும்தான்.

இங்கிலாந்துப் பார்சல் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. உள்ளே எத்தனால் தாங்கும் டயாப்ரம், இரண்டு வால்வு, கேஸ்கெட், கிண்ணத்துக்கு வாஷர். புதன்கிழமை காலை பாய் பம்பின் கையை அழுத்திப் பிடிக்க, நான் எதிரெதிராக ஸ்குருவை இறுக்கினேன். "போதும் ஸார், போதும். பம்ப கொலபண்ணாதீங்க." குழாய்களையும் மாற்றினோம். மறுபடியும் ஆயில் மாற்றினோம். சுத்தமான வேட்டித் துணியைச் சுற்றி அரைமணி ஓட்டினோம். பாய் மோந்தார். நான் மோந்தேன். மனைவியும் வந்து மோந்தாள். துணியில் சோப்பு வாசனை மட்டும்தான்.

மாமாவுக்கு போன் செய்தேன். "வண்டி வரும். ஆனா ஒரு கண்டிஷன். பட்டாசு மண்டப வாசல்ல, கார் வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு முடிச்சிடணும்."

"ம்" என்றார். வேறு காரும் பேசி வைத்திருந்தார், என் மேல் இருந்த நம்பிக்கையில்.

வியாழக்கிழமை சாயந்திரம். வண்டி முழுக்கச் சம்பங்கியும் ரோஜாவும். மாப்பிள்ளை பின்சீட்டில். நான் சில்க் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். நாதஸ்வரக்காரர் தெருமுனையில் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக ஆரம்பித்துவிட்டார். நல்ல சங்கீதம்தான். ஆனால் அவர் நகர்ந்தால்தானே நான் நகர முடியும்? ஆவணி மாசத்துச் சென்னைப் புழுக்கம். காற்றே படாமல் எஞ்சின் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் வண்டி இருமியது. குலுங்கியது. நின்றேவிட்டது.

எனக்கு உயிரே நின்றது. ஜன்னலில் மாமாவின் முகம். "என்ன மச்சான்? மறுபடி ஒழுகுதா?"

மூக்கை வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் வாசனை இல்லை. அப்போதுதான் உறைத்தது. வேப்பர் லாக்! சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றுக்குமிழியை அடித்துக்கொண்டிருக்கிறது. ரிப்பேர் இல்லை. அம்பாஸடர், ஃபியட் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய உபாதை. மருந்தும் பழைய மருந்துதான், ஈரத்துணி.

"மாமா, துணி வேணும். தண்ணி வேணும்."

கிளிப்பை விடுவித்து முன்பக்கத்தைத் தூக்கினேன். அலங்காரக்காரர் கதவோடு சேர்த்துக் கட்டியிருந்த பூச்சரங்கள் பட்பட்டென்று அறுந்தன. ரோஜா மாலை மாப்பிள்ளையின் தம்பி கழுத்தில் போய் விழுந்தது. (அவனுக்கும் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு பாட்டி சொன்னாள்.) போட்டோகிராபர் எதையும் விடவில்லை.

பின்னாலிருந்து ஒரு பையன், ஊர்வலம் மண்டபத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, சரத்தைப் பிரித்துத் தெருவில் நீட்டிவிட்டு ஊதுபத்தியோடு குனிந்தான்.

"டேய்! வைக்காதேடா! கார் நிக்குது, தெரியலை?" ஒரே கத்தல். தவில்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டார். கத்தினது நான் இல்லை, மாமா. பாய்ந்து போய் ஊதுபத்தியைப் பிடுங்கி, சாக்கடை ஓரம் மிதித்து அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. தோளிலிருந்த புது பட்டுத் துண்டை உருவி, யாரோ நீட்டிய தண்ணீர் பாட்டிலில் நனைத்து என்னிடம் கொடுத்தார்.

"சுத்து."

"மாமா, பட்டு..."

"சுத்து மச்சான்!"

சுற்றினேன். கைநெம்புகோலை அடித்துப் பார்த்தேன், பிடிமானமே இல்லை. காம்ஷாஃப்டின் மேடு பம்பின் கையைத் தள்ளியபடியே நின்றிருந்தால் அப்படித்தான். ஸ்டார்ட்டரைத் தொட்டு எஞ்சினை ஒரு அரைக்கால் சுற்று நகர்த்திவிட்டு மறுபடி அடித்தேன். இப்போது பிடித்தது. ஐந்து நிமிஷம். கண்ணாடிக் கிண்ணத்தில் குமிழி அடங்கிப் பெட்ரோல் நிறைந்தது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நாதஸ்வரக்காரர் இந்தத் தடவை வேகமான பாட்டாக எடுத்தார். மாமா காதில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது நைசாக நழுவி மண்டபத்தின் பின்பக்கம் போனேன். டிப்-ஸ்டிக்கை உருவினேன். ஆயில் சரியாக மேல் கோட்டில் நின்றிருந்தது. பட்டுத் துண்டு இன்னும் பம்பின் மேலேயே சுற்றியபடி, உலர்ந்து போய் இருந்தது. அவிழ்த்து முகத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக இழுத்து மோந்தேன்.

"என்ன மச்சான் பண்றே?" வெற்றிலை மென்றபடி மாமா நின்றிருந்தார்.

"பெட்ரோல் வாசனை வருதான்னு..."

துண்டை வாங்கி அவரும் மோந்து பார்த்தார்.

"சந்தனம்தான்" என்றார்.